மதகின் அந்தப் பக்கம்

எங்கள் ஊருக்குக் கோபம் வந்தால் அடிக்காது, வையாது. பேச்சை நிறுத்திவிடும். அடியாவது ஆறும். நாலு வருஷமாக மருதையனிடம் ஊரில் ஒருத்தரும் பேசவில்லை. கடைக்காரர்கூட உப்பைப் பொட்டலம் கட்டி வைப்பார், வாய் திறக்கமாட்டார்.

செய்த குற்றம் இதுதான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு விவசாயக் கூலிகளின் சங்கம் அறுவடையை நிறுத்திய வருஷம் அது. ஆட்சி மாறியிருந்தது, மிராசுதார் கூலி அளக்கிற மரக்கால் மாறவில்லை. தெருவே அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, மருதையனின் மனைவி காத்தாயி வயிற்றுவலியில் துடித்தாள். மிராசுதார் சிங்காரவேலு தன் காரைக் கொடுத்தார். அவளைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த மருதையன், மறுநாள் காலை சிங்காரவேலுவின் வயலில் தன்னந்தனியாக இறங்கிக் கதிர் அறுத்தார். காரைக் கொடுத்தவர் கேட்டார், இவரால் மறுக்க முடியவில்லை. அதே காலையில்தான் காத்தாயியின் தம்பி வீரையனைப் போலீஸ் லாரியில் ஏற்றினார்கள். சங்கத்தில் முன்னால் நின்றவன் அவன். காத்தாயி பிழைத்திருந்தாலாவது தம்பி மனசு இளகியிருக்கும். அவளும் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு மருதையனுக்கு ஏரிதான் கதி. பூதலூர் போகிற வழியில் இருக்கும் ஏரி. மூங்கில் கழி, அதில் தூண்டில் நரம்பு, முள்ளில் ஒரு சின்னத் தவளை. அதை அல்லி இலைகளுக்கு மேலே தத்தித் தத்திப் போகவிட்டால், அடியில் கிடக்கும் விரால் பொறுக்கமாட்டாமல் பாயும். விரால் மதகடியில்தான் கிடக்கும். அதனால் மதகுக்கு இந்தப் பக்கம் மருதையன் நிற்பார், அந்தப் பக்கம் ஜெயிலிலிருந்து திரும்பிய வீரையன் நிற்பான். சிரிக்காதீர்கள். மீன் பகை பார்த்து இடம் பிடிப்பதில்லை.

தூண்டில் போடுகிறவர்கள் எங்கேயும் பேசமாட்டார்கள், மீன் ஓடிவிடும். ஆகவே மருதையன் நாலு பேரைப்போல நிற்க முடிந்த இடம் அது ஒன்றுதான். வீரையன் பேசாமல் நிற்பது அங்கே தண்டனை இல்லை, தொழில்முறை. அதற்காகவே அவர் மீன் கடிக்காத நாட்களிலும் போய் நின்றார் என்பது என் எண்ணம்.

அன்றைக்கு மேகம் மூடியிருந்தது. வீரையனின் தவளையை ஒரு விரால் வாரிக்கொண்டு போனது. கழி வளைந்தது. அவசரக்காரன், காலை ஊன்றி இழுத்தான். இன்னும் ஒரு இழுப்பில் நரம்பு அறுந்திருக்கும். மருதையன் தன்னை மறந்து கத்தினார்.

"இழுக்காத மாப்ள! தண்ணியில எறங்கு, அதுகூடவே போ!"

வீரையனும் யோசிக்காமல் இறங்கிவிட்டான். இடுப்பளவுத் தண்ணீரில் மீன் போன பக்கமெல்லாம் போனான். விரால் களைத்தது. தூக்கிக் கரையில் போட்டான், கை நீளம் இருந்தது. அப்போதுதான் யார் சொல்லைக் கேட்டு இறங்கினோம் என்பது அவனுக்கு உறைத்தது. முகம் கறுத்தது. வீட்டில் பிள்ளைகள் இரண்டு வேளை வயிறாரச் சாப்பிடக்கூடிய மீன். அதன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றி ஏரியிலேயே விட்டுவிட்டான். பிறகு மருதையனை நேராகப் பார்த்தான்.

"ஒங்கள யாரு கேட்டா?"

கழியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிப் போய்விட்டான்.

சொன்னவனுக்கு அது வசவு. மருதையனுக்கோ, நாலு வருஷத்தில் ஒரு மனுஷன் முகம் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. அவருக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. கேள்வி என்றால் பதில் சொல்லலாம் அல்லவா? வரப்பு முழுக்கப் பதிலைத் தேடிக்கொண்டே நடந்தார். கார் விஷயத்தைச் சொல்லலாமா? அறுத்தது தப்புதான் என்று சொல்லலாமா? கஞ்சி கொதிக்கும்போது அடுப்பைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் சின்னதாக ஒன்று கிடைத்தது. "யாரும் கேக்கல மாப்ள. ஒங்கக்கா இருந்தா சொல்லியிருப்பா, அதான் சொன்னேன்."

மறுநாள் விடியும்போதே மதகில் போய் நின்றார். வீரையன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவன் இப்போது திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாய்க்காலில் கெளுத்தி பிடிக்கிறான் என்று யாரோ யாரிடமோ சொன்னது மருதையன் காதில் விழுந்தது.

அவர் இன்னும் ஏரிக்குப் போகிறார். மதகுக்கு இந்தப் பக்கத்தில்தான் நிற்கிறார். அந்தப் பக்கம் விரால் துள்ளும். அவர் தவளையை அங்கே போடுவதில்லை.