டொக்டர் கேட்ட ‘ரஃப்லி’

இரண்டு வருடங்களுக்கு முன், மாரி தொடங்கிய நாட்களில் ஒரு பகல். வட்டக்கச்சியில் எங்கள் வீட்டில் நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றபோது, மூன்று வயது மகன் மாமனாரின் பிரஷர் குளிசைகளை எடுத்து விழுங்கிவிட்டான். முதல் நாள்தான் கிளினிக்கில் கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தவை. பை கிழிந்து கிடந்தது. அவனுடைய வாயைத் துடைத்தேன், வெள்ளையாகக் கரைந்து வந்தது. அப்படியே அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏறினேன்.

அந்தப் பையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தது நான்தான். வழியெல்லாம் அதுதான் நெஞ்சை அறுத்தது. பிள்ளை தோளில் துவண்டு விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டொக்டருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் வராது. என் ஆங்கிலமோ பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது. பிரஷர் குளிசை என்றதும் விளங்கிக்கொண்டார். எத்தனை என்று கேட்டார். தெரியாது என்றேன். உடனே “ரஃப்லி?” என்றார்.

ரஃப் என்றால் எனக்குத் தெரிந்தது முரட்டுத்தனம். பிள்ளையை அடித்தாயா என்று கேட்கிறார் என நினைத்து, இல்லவே இல்லை என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தி மீண்டும் அதையே கேட்டார். பிள்ளைக்குக் கண் சொருகுகிறது, இந்த மனிதர் என்னை விசாரணை செய்கிறார். முதலில் பிள்ளையைப் பாருங்கோ என்று கோபத்தோடு சொன்னேன்.

சேலைன் கொண்டு ஓடி வந்த தமிழ்த் தாதிக்கு உடனே விளங்கிவிட்டது.

“அக்கா, அடிச்சதைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை. ரஃப் கொப்பி வைச்சிருந்தனீங்கள்தானே, அது மாதிரி ஒரு உத்தேசமாச் சொல்லுங்கோ. நாலைஞ்சா, பத்துப் பன்னிரண்டா?”

நாலைந்து என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவ்வளவுதான் இருக்கவேண்டும் என்ற ஆசை. கண்ணை மூடிக்கொண்டு வீட்டு நிலத்தை நினைத்துப் பார்த்தேன். அங்கே சிந்திக் கிடந்த குளிசைகள் கொஞ்சம்தான்; முதல் நாள் பை நிறைய இருந்தது.

“பத்துக்கு மேல இருக்கும், மிஸி” என்றேன்.

தாதி அதைச் சொன்னதும் டொக்டர் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். பொழுதுபடும் நேரம் மகன் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். நான் தந்த கணக்கை வைத்துத்தான் வைத்தியம் தொடங்கியதாகத் தாதி சொன்னபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

உத்தேசம் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்; அன்று என் ஆசையை உத்தேசமாகச் சொல்லியிருந்தால் இன்று மகன் இருந்திருப்பானா என்று இப்போதும் நினைக்கிறேன்.