‘வந்த கடிதங்கள் ஏதுமில்லை’

“நன்றி. உங்கள் செய்தி கிடைத்தது. விரைவில் தொடர்புகொள்கிறோம்.” தில்லியில் உள்ள எங்கள் தமிழர் சங்கத்தின் இணையதளத்தில் யாராவது தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் திரையில் பச்சை எழுத்தில் வரும் வரிகள் இவை. எழுதியவள் நான்தான். ஊரில் யாரோ ஒருவர் போனில் இதைப் படித்துவிட்டு, ‘அப்பாடா, தில்லியில் நமக்கு ஆள் இருக்கிறது’ என்று மூட்டை கட்டியிருப்பார்.

பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்காகச் சங்கத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை இருந்தது. உதவி அறை என்போம். நாலு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, இந்தி பேசத் தெரிந்த எங்களில் யாராவது ஒருவர். டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வதும், எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று காட்டுவதும்தான் எங்கள் வேலை. அந்த அறைக்கு என்னை முதலில் கூட்டிக்கொண்டு போனவர் எங்கள் செயலாளர். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த என் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, தினம் வந்து பார்த்தவரும் அவர்தான். சரோஜினி நகரில் அவருடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில் என் அம்மா வீட்டு வேலை செய்தாள். அம்மாவுக்கு அவர் ஐயா. எனக்கு அங்கிள், அப்படிக் கூப்பிடு என்று சொன்னதே அவர் மனைவிதான். வேலைக்காரியின் மகளுக்கு அது எவ்வளவு பெரிய உரிமை என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

நான் படித்து, ஓர் இணையதள நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, சங்கத்தின் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தானாகவே என் தலையில் விழுந்தது. தளத்தைத் தாங்கிய பழைய சர்வர் கணினி ஓட்டை உடைசல். தளத்தைத் திறந்தாலே ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கை காட்டும். நோயின் பெயரையும் போன் நம்பரையும் அதில் எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? இரண்டு வருடங்களுக்கு முன் புதிய சர்வருக்கு மாற்றினேன். பாதுகாப்புச் சான்றிதழ் போட்டேன். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் வந்ததும் குழந்தைக்குப் பல் முளைத்ததைப் போல எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அங்கிள் தோளில் தட்டிக்கொடுத்தார். “மெயில் விஷயத்தை நான் பாத்துக்கறேம்மா. நீ வேலைக்குப் போற பொண்ணு, எதுக்கு அலையறே?” என்றார். எவ்வளவு கரிசனம் என்று நினைத்தேன்.

படிவத்தில் ஒரு சோதனைச் செய்தி அனுப்பிவிட்டு அவருக்குப் போன் செய்தேன். “அச்சா, அச்சா, வந்துடுச்சும்மா” என்றார். அத்தோடு விட்டேன். என் நிறுவனத்தில் எந்தக் கொம்பன் சொன்னாலும் மெயில் பெட்டியைத் திறந்து என் கண்ணால் பார்க்காமல் வேலையை முடித்துத் தர மாட்டேன். ஆனால் அங்கிளிடம் போய், ‘பாஸ்வேர்டு கொடுங்கள், நானே பார்க்கிறேன்’ என்று எப்படிக் கேட்பது? எங்கள் வீடுகளில் பெரியவர்கள் வந்துவிட்டது என்றால் வந்துவிட்டதுதான்.

சங்கக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடவுள் வாழ்த்து முடிந்ததும் செயலாளர் எழுந்து, வந்த கடிதங்களை வாசிப்பார். சர்வர் மாறியபின் மாதாமாதம் எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “உதவி அறைக்கு வந்த கடிதங்கள் ஏதுமில்லை” என்றார். முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம், ஊரிலேயே நல்ல ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன, யார் இவ்வளவு தூரம் வரப்போகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். கடைசியில் அறையை மூடத் தீர்மானம் போட்டார்கள். எல்லோரும் கை தூக்கினோம். கட்டில்கள் போய் சோபா வந்தது. இப்போது விழாவுக்கு வரும் பிரமுகர்கள் அங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள்.

போன குளிர்காலம் முடியும் சமயம், பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க சர்வர் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் போகிறபோக்கில், “மேடம், உங்க மெயில் பெட்டி நிரம்பப் போகுது, கொஞ்சம் காலி பண்ணுங்க” என்று இந்தியில் சொன்னார். எந்தப் பெட்டி என்றேன். தளம் புது சர்வருக்கு மாறினாலும் எங்கள் அஞ்சல் பெட்டி பழைய இடத்திலேயே இருந்தது. புது சர்வரோ, பெட்டி தன்னிடம் இருப்பதாக நினைத்து, படிவத்தில் வந்ததையெல்லாம் தனக்குள்ளேயே ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. சர்வர் மாற்றும்போது சகஜமாக நடக்கும் தவறுதான். சரிசெய்ய ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். “செக்ரெட்டரி சாப்கிட்ட அப்பவே சொன்னோமே மேடம். அப்படியே இருக்கட்டும், நான் அதுலயே பாத்துக்கறேன்னு சொல்லிட்டார்” என்றார் அவர்.

சர்வர் என் பொறுப்பில் இருந்ததால், அவருடைய பாஸ்வேர்டு இல்லாமலே அந்தப் பெட்டியைத் திறந்தேன். வரிசையாகச் செய்திகள். புற்றுநோய், இதய வால்வு, குழந்தையின் முதுகுத்தண்டு. ‘ஐயா, எங்களுக்கு இந்தி தெரியாது’ என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. எல்லாமே ஏற்கெனவே திறந்து படிக்கப்பட்டவை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் போயிருந்தது. யாரோ ஓர் உயர் அதிகாரியின் மைத்துனர். அவருக்கு, தூதரகங்கள் இருக்கும் சாணக்யபுரியில் தங்க ஏற்பாடு செய்து, விமான நிலையத்துக்கே வந்து அழைத்துக்கொள்வதாக அங்கிள் எழுதியிருந்தார்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மறுப்பார், மழுப்புவார் என்றுதான் நினைத்தேன். அந்த மரியாதையைக்கூட அவர் எனக்குச் செய்யவில்லை.

“படிச்சேன். அதுக்கென்ன? பதில் போட்டா வந்துடுவாங்க. மாடிப்படி பூரா பக்கெட்டும் துணியும். ஒரு பெரிய மனுஷரைக் கூப்பிட முடியுதா? இது சங்கம்மா, சத்திரம் இல்ல.”

“கூட்டத்துல ஏதும் வரலைன்னு வாசிச்சீங்களே அங்கிள்?”

“வந்துதுன்னா நீங்கள்லாம் மூட விட்டிருப்பீங்களா?” என்றார். பிறகு குரலை இறக்கி, “உங்கப்பாவுக்கு நான் செஞ்சதெல்லாம் மறந்துபோச்சு, இல்ல?”

“மறக்காததாலதான் வந்து கேக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நம்ப வைத்துக் கழுத்தறுத்தார் என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். ஆனால் இதில் கழுத்து என்னுடையதுகூட இல்லை. அம்மாவிடம் சொன்னபோது அவள் என்னைத்தான் முறைத்தாள். “ஐயா அப்பிடிப்பட்டவரு இல்ல. கம்ப்யூட்டர்ல நீ எதையோ தப்பாப் பாத்திருப்ப” என்றாள்.

சங்கத்தில் சொன்னேன். பெரியவரைச் சங்கடப்படுத்த வேண்டாம், மெதுவாகப் பார்க்கலாம் என்றார்கள். அவர்தான் இன்னும் செயலாளர். அறை இன்னும் சோபாவோடுதான் இருக்கிறது. படிவத்தை மட்டும் சரிசெய்து, வருகிற செய்திகள் என் போனுக்கும் வரும்படி வைத்திருக்கிறேன். லீவு கிடைக்கிற நாளில் நானே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். தங்க இடம் கேட்கிறவர்களுக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அந்தப் பழைய செய்திகளில் இருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தேன். சிலர் எடுக்கவில்லை, சிலர் திட்டினார்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மட்டும் ஆசையாகப் பேசினார். கணவரின் இருதய ஆபரேஷனுக்காகத் தை மாதக் குளிரில் வந்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே நடைபாதையில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்களாம்.

“உங்க சங்கத்துக்கும் வந்தோம்மா. கண்ணாடி போட்ட பெரியவரு ஒருத்தரு இருந்தாரு. இங்க அப்படி ரூம்பே கெடையாதும்மா, யாரோ உங்கள ஏமாத்திட்டாங்கன்னு சொன்னாரு. குடிக்கத் தண்ணி குடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழி காட்டுனாரு. அந்த ஊர்ல எங்ககிட்டத் தமிழ்ல பேசுன ஒரே மனுஷன் அவருதாம்மா. பாத்தீங்கன்னா நாங்க கேட்டதா சொல்லுங்க.”

சொல்கிறேன் அம்மா என்றேன்.