அந்தப் படத்தில் இல்லாத ஒரு சொல்

முகநூலில் அந்தக் கருத்தை எழுதியவள் நான்தான்.

'வெள்ளவத்தை ரசிகன்' என்ற பெயரைப் பார்த்து, வேலைவெட்டி இல்லாத யாரோ ஒரு பொடியன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண். கொழும்பு வெள்ளவத்தையில் மரியாதையாக நடமாடுகிறவள். என் முகம் உங்களுக்குத் தெரியாது, ஆனால் குரல் தெரியும். சவர்க்காரம், தேங்காய்ப்பால் மா, பல் வைத்தியம் என்று வானொலி விளம்பரங்களில் எத்தனையோ தடவை உங்கள் வீட்டுக்குள் வந்து போனவள்தான்.

உங்களில் சிலர் அந்தக் கருத்துக்கு லைக் போட்டீர்கள். சிலர் வாய் விட்டுச் சிரிக்கும் முகத்தைப் போட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை... நீங்கள் கைதானே தட்டினீர்கள். கூத்தாடியவள் நான்!

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இப்போதே தேடிப் போய் அந்தக் கருத்தை இன்னொரு தரம் வாசிப்பீர்கள். சின்னப் படம். கடன் வாங்கிய கேமரா, இரவல் பட்டுச்சேலை, கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு அறைச் சுவரில் மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்ட ஒலிப்பதிவுக் கூடம். ஆனால் தமிழில், கொழும்பில், முழுக்க முழுக்க ஜாஸ் இசையிலே ஒரு காதல் படம்! வேறு யாருக்கு இந்தப் பைத்தியம் வரும்? ரெஜிக்கு வந்தது.

ரெஜி கொட்டாஞ்சேனைப் பையன். கலியாண வீடுகளில் ட்ரம்பெட் வாசிப்பவன். விளம்பரங்களுக்கும் வந்து ஊதிவிட்டுப் போவான். அப்படித்தான் எனக்குப் பழக்கம். பல வருடங்களுக்கு முன்னால், காலிக்குப் போகும் பெருவீதியில் ஒரு சைவக்கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"அக்கா, நான் ஒரு படம் எடுக்கப் போறன். ஹீரோயின்ட பாட்டெல்லாம் உங்கட குரல்தான். இப்பவே சொல்லிப்போட்டன்."

"போடா விசரா" என்றேன்.

வாய் அப்படிச் சொன்னது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடிப் பார்த்தேன்... அதற்குப் பிறகு எத்தனை தரம் பாடிப் பார்த்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. ரெஜி அதை மறந்திருப்பான். தோசையோடு சொன்ன சொல்தானே! நான் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் அவன் சுகந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

சுகந்தி மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹற்றன் பக்கத்துப் பிள்ளை. புறக்கோட்டையில் ஒரு சேலைக் கடையில் வேலை, கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து இருந்தாள். என் வீட்டு வரவேற்பறையில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு பாடினாள். தாளம் விழுந்து முடிந்த பிறகுதான் சொல் வந்தது. திருவிழாவுக்குப் பிந்தி வந்தவள் அவசரமே இல்லாமல் முன்வரிசைக்கு நடந்துபோய் உட்காருவாளே, அப்படி! அந்தத் தாமதம்தான் ஜாஸ் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒருநாளும் வராத தாமதம் அது. விளம்பரக் குரல் என்றால் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகவேண்டும் அல்லவா?

"எப்பிடி அக்கா?" என்றான் ரெஜி, கண்ணெல்லாம் வெளிச்சமாக.

"நல்லாத்தான் பாடுறா."

"இவள்தான் ஹீரோயின், பாட்டும் இவள்தான். தமிழை மட்டும் கொஞ்சம் திருத்திவிடுங்கோ. கதையில அவள் வெள்ளவத்தைப் பெட்டை. உங்களை விட்டா ஆர் இருக்கினம்?"

விளங்குகிறதா உங்களுக்கு? பாடவேண்டிய எனக்குப் பேச்சுப் பழக்கும் வேலை! நான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். பொறாமை முதலில் சிரித்த முகத்தோடுதான் வரும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

மாதக்கணக்கில் பழக்கினேன். 'வந்தேன்' இல்லை, 'வந்தனான்'. 'பேசுறேன்' இல்லை, 'கதைக்கிறன்'. எல்லாம் பிடித்துக்கொண்டாள். ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. 'ஆமா' என்ற இடத்தில் 'ஓம்'.

"நீங்க ஓம்னு சொன்னா வீட்டுக் கதவத் தொறந்து உள்ள வாங்கன்ற மாதிரி இருக்குக்கா. நான் சொன்னா சாமி கும்புடுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. வெறுத்திருந்தால் இவ்வளவு கனத்திருக்காது.

படத்தின் கடைசிக் காட்சி வெள்ளவத்தை ரயில் நிலையம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ரயில். கதாநாயகனான கலியாண பேண்டுக்காரப் பையன் கேட்கிறான்: "என்னோட வாறியா?" அவள் ஒரே ஒரு சொல் சொல்லவேண்டும். ஓம். படம் முழுக்க அந்தச் சொல்லுக்காகத்தான் ஓடுகிறது.

குரல் பதிவு செய்த நாளில் அவள் அந்த ஓமைப் பல தரம் சொன்னாள். எல்லாம் சரி, ஆனால் உயிர் இல்லை. கடைசியில் ஒரு தரம், கண்ணை மூடிக்கொண்டு, தன்னை மறந்து சொன்னாள்:

"ஆமா..."

அந்த அறையில் ரெஜியும் அவளும் நானும் மட்டும்தான். அப்படி ஒரு சம்மதத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. எந்த விளம்பரத்திலும் சொன்னதில்லை, வாழ்க்கையிலும் சொன்னதில்லை.

ரெஜி என்னைப் பார்த்தான். "ஆமா எண்டு வந்திட்டுது. ஆனா நல்லா இருக்கு அக்கா... உங்கட வெள்ளவத்தை ஆக்கள் ஏதும் சொல்லுவினமோ?"

சொல்லுவினம் என்று எனக்குத் தெரியும். எங்கள் சனம் கதையில் ஓட்டை இருந்தால் மன்னிக்கும். சொல்லில் ஓட்டை இருந்தால் எழுந்து நின்று காட்டிக்கொடுக்கும்! உச்சரிப்பைப் பார்க்கத்தானே என்னை வைத்திருந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவாயில்லை விடு. ஒருத்தரும் கவனிக்க மாட்டினம்."

அன்பினாலா சொன்னேன்? அந்த 'ஆமா' அழகாக இருந்ததாலா? இரண்டும் கொஞ்சம் இருந்திருக்கலாம்... ஆனால் அடியில், நன்றாக அடியில், 'மாட்டிக்கொள்ளட்டும்' என்ற ஒன்று இருந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று சாட்டுச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். பிளாஸ்டிக் கதிரைகள், சுழலும்போது கிறீச்சிடும் மின்விசிறிகள். ஆனாலும் சனம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சிக்கு முந்திய பாட்டை அவள் பாடத் தொடங்கியபோது எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்ன குரல் பாருங்கோ பிள்ளை" என்றார்.

என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். கடைசிக் காட்சியைப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கவேண்டும்? அதில் என்ன வரும் என்றுதான் எனக்குத் தெரியுமே!

மறுநாள் காலையில் தேநீரோடு உட்கார்ந்து, படத்தின் முகநூல் பக்கத்தைத் திறந்தேன். 'உங்கள் கருத்துகளை எழுதுங்கள்' என்று ரெஜி கேட்டிருந்தான். நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

'பைலா போடுவாங்கள், ஆடலாம் எண்டு வந்தனான், மனுசனை அழவச்சுப் போட்டாங்கள்.' 'பாட்டு சூப்பர், கதையை எங்க வச்சிட்டு வந்தீங்க?' 'மச்சான், ரயில்வே சீன்ல என்ட கடைப் பலகை தெரியுது!' சிங்களத்தில் யாரோ 'எல மல்லி', அருமை தம்பி, என்று தட்டிக்கொடுத்திருந்தார். ஜாஸ் என்றால் என்னவென்று ஒருவர் கேட்க, விளங்காவிட்டால் அதுதான் ஜாஸ் என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். சிரித்துக்கொண்டே வாசித்தேன்.

பிறகு அது கண்ணில் பட்டது.

'விளம்பரங்களில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன குரல்கள் இல்லாமல் ஒரு புதுக்குரல்! நன்றி ரெஜி.'

எழுதியவருக்கு என்னைத் தெரியாது. என்னை நினைத்து எழுதவும் இல்லை. ஆனால் அது என்னைத்தான் சொன்னது. புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, ஆண்பெயர் வைத்து, கை நடுங்காமல் எழுதினேன்:

'நல்ல முயற்சி. ஆனால் கடைசிக் காட்சியில் வெள்ளவத்தைப் பெட்டை "ஆமா" எண்டு சொன்னாவே, அப்பவே எழும்பி வந்திட்டன். ஹற்றன் பஸ் வழி தவறி வெள்ளவத்தைக்கு வந்தமாதிரி இருந்தது.'

எழுதிவிட்டு என் நகைச்சுவையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மத்தியானத்துக்குள் தீ பிடித்துவிட்டது. 'நானும் கவனிச்சனான்.' 'காதில் ஈயம் ஊத்தினமாதிரி இருந்தது.' 'நடிக்க வேற ஆள் கிடைக்கேல்லையா?' அதற்குக் கீழே, தோட்டத்தையும் கொழுந்தையும் இழுத்து எழுதியவை... அவற்றை இங்கே திருப்பி எழுத எனக்கு வாய் வரவில்லை. வாய் வராதாம்! தொடக்கி வைத்தவளுக்கு!

சாயங்காலம் யாரோ ஒருவர் ஒரே ஒரு வரி எழுதினார்.

'எந்த ஆமா? அந்த இடத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லையே. ட்ரம்பெட் மட்டும்தானே வருகிறது?'

அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டிருக்கிறார்கள். நான் போகாத நாட்களில், எனக்குத் தெரியாமல். படத்தில் அந்தச் சொல்லே இல்லை! 'நானும் கவனிச்சனான்' என்று எழுதிய அத்தனை பேரும் கேட்காத சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பொய் வேறு, என் பொய் வேறு. அந்த 'ஆமா' ஒருகாலத்தில் இருந்தது என்பது, மெத்தை கட்டிய அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

கணக்கை அழித்தேன். என்ன பயன்? அதற்குள் அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தீர்கள்.

அடுத்த போயா, பௌர்ணமி விடுமுறையன்று சுகந்தி என் வீட்டுக்கு வந்தாள். கையில் கொட்டாஞ்சேனை பேக்கரியின் மாலுபணிஸ் பை. மீன் வைத்துச் சுட்ட அந்தப் பணிஸ் எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். வழக்கம்போலச் செருப்பை வாசலில் கழற்றினாள், வழக்கம்போலக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். முகம் மட்டும் வீங்கியிருந்தது.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே படபடவென்று தொடங்கினேன். "சனம் அப்பிடித்தான் பிள்ளை. வேலை இல்லாததுகள் எழுதுறதை எல்லாம் வாசிக்காதை."

அவள் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த ஆமாவ நான்தான் எடுக்கச் சொன்னேங்கா. அடுத்த நாளே ரெஜி அண்ணன்கிட்ட அழுதுட்டேன். அக்கா இவ்ளோ நாள் சொல்லிக் குடுத்தாங்க, அவங்க ஓம் எனக்கு வரவே இல்ல, தப்பா ஒண்ண வச்சு அவங்கள அவமானப்படுத்த வேணாம்னு... அதனாலதான் அண்ணன் அந்த எடத்துல ட்ரம்பெட் ஊதுனாரு."

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன்.

பிறகு அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் தப்பியிருப்பேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க படத்தக் கடசி வரைக்கும் பாத்தீங்களா?"

எழுதியது நான்தான் என்று தெரிந்தும் அவள் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாள் என்பது இப்போது விளங்குகிறது. 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். மிச்சத்தை அவளே எடுத்துக்கொண்டிருப்பாள். நான் அழுதிருப்பேன், அவளும் அழுதிருப்பாள்...

"ஓம்" என்றேன்.

என்ன ஓம் அது! தெளிவான, அப்பழுக்கில்லாத, வெள்ளவத்தை ஓம். அவளுக்கு நான் மாதக்கணக்கில் பழக்கிய அதே ஓம்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மாலுபணிஸ் பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்ட அவளுக்கு வெகுநேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் பாடவில்லை. படத்தை இரண்டாம் தடவை காட்டியபோது மேடைக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. சேலைக் கடைக்கு ஒருநாள் போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். வாடிக்கையாளர்கள் எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுகிறாள். ஆமா என்றும் சொல்வதில்லை, ஓம் என்றும் சொல்வதில்லை. உள்ளே போய் அவள் கையைப் பிடித்திருக்கலாம்... போகவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன கிழமை ரெஜி எனக்குப் போன் எடுத்தான். இன்னொரு படம் தொடங்குகிறானாம்.

"சுகந்தி இனிப் பாட மாட்டன் எண்டு ஒரே பிடி அக்கா. எவ்வளவோ கெஞ்சிப் பாத்திட்டன். பாட்டெல்லாம் நீங்கதான் பாடவேணும்."

கண்ணாடிக்கு முன்னால் பாடிய அத்தனை வருடங்களும் வரிசையாக வந்து நின்றன.

"அவள்தான் உங்கட பேரைச் சொன்னவள்" என்றான். "அக்காவுக்கு இது நீண்டநாள் ஆசை, அவங்களையே பாடச் சொல்லுங்கோ எண்டு. உங்கட ஆசை அவளுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க சொன்னீங்களா?"

இல்லை. நான் யாருக்கும் சொன்னதில்லை.

"என்ன அக்கா, பாடுவீங்கதானே?"

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? கேட்கிறேன், சொல்லுங்கள்... இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்பவர்கள்தானே நீங்கள்!

நான் ஓம் என்றேன்.