கண்ணில் வெட்டிய ஜோதியும் என் மருமகள் நித்யாவும்

அண்ணாமலையாரை நம்பி வாழ்கிற எல்லோருக்கும் வணக்கம். என் பேர் பச்சையம்மாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறேன். எனக்கு இருப்பது ஒரே கண். அதுவும் போக இருந்தது. போகாமல் எப்படி நின்றது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே கண் என்றால், இடது கண் பெயருக்குத்தான் இருக்கிறது. எட்டு வயதில் கரும்புத் தோகை கிழித்துவிட்டது. வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். டீ ஆற்றுவது, அரிசியில் கல் பொறுக்குவது, மலையைப் பார்த்துக் கும்பிடுவது, சாயங்காலம் ஏழு மணிக்கு சீரியல் பார்ப்பது, எல்லாம் வலது கண்தான்.

போன புரட்டாசிப் பௌர்ணமிக்கு நாலு நாள் இருந்தது. காலையில் அடுப்பு மூட்டும்போது அந்த வலது கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வெட்டியது. திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. கண்ணை மூடினேன், அப்போதும் வெட்டியது. வேறு ஊர்க்காரராக இருந்தால் பயந்திருப்பார். நான் திருவண்ணாமலைக்காரி. எங்கள் சாமியே நெருப்பு. அடியும் முடியும் தெரியாமல் ஜோதியாக நின்றவர். கண்ணை மூடினாலும் ஒளி தெரிகிறது என்றால் எனக்கு என்ன தோன்றும்? அண்ணாமலையார் எனக்குக் காட்சி தருகிறார் என்றுதான் தோன்றியது.

அதை மனதோடு வைத்துக்கொண்டேனா? எனக்கு ஏது அந்த வழக்கம்! டீ குடிக்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். கிரிவலம் வந்த அம்மாக்கள் சிலர் என் காலைத் தொட்டார்கள். ஒருத்தி என் கையால் விபூதி கேட்டாள். கூச்சமே இல்லாமல் பூசிவிட்டேன். நாலு நாள் என் கால் தரையில் பாவவில்லை.

என் மருமகள் நித்யா மட்டும் காலில் விழவில்லை. அவள் கீழ்பென்னாத்தூர்ப் பெண். என் மகன் முருகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், மாதம் இரண்டு தடவை வருவான். மற்ற நாளில் வீட்டிலும் கடையிலும் நானும் அவளும்தான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய பேச்சை ஒரு தாளில் எழுதிவிடலாம். அன்று டம்ளர் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எந்தக் கண்ணுல அத்தை?"

எனக்கு வந்ததே கோபம்! "சாமி எந்தக் கண்ணுல வருதுன்னு கேக்கறவள இப்பத்தாண்டி பாக்கறேன். இன்னா பொண்ணு நீ!" என்றேன்.

"எங்க மாமாவுக்கும் இப்டித்தான் மின்னுச்சு. டாக்டர்கிட்ட போலாம் அத்தை."

"போய் வேலையப் பாரு. பௌர்ணமி வருது."

அவளைப் பற்றி எனக்கு ஏற்கனவே குறை. 'அத்தை, சாப்டீங்களா' என்று வாய் நிறையக் கேட்க மாட்டாள். தலைவலி என்று நான் படுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல மாட்டாள். கடைக்கு வருகிற தெரிந்தவர்களிடம் எல்லாம், "எனக்கு வாய்ச்சது ஒரு ஊமக்கோட்டான்" என்று சொல்லியிருக்கிறேன். அவள் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் விடாமல் பார்க்கிற சீரியலில் எனக்கு உயிரான ஆள் துரைக்கண்ணு. நாலு தங்கைகளுக்கு அண்ணன், ரைஸ் மில் வைத்திருப்பவர். அந்த மனுஷன் வாயில் ஒரு இனிப்பான சொல் வராது. தங்கை கல்யாணமாகிக் கிளம்பும்போது எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். இவர் காருக்குக் கீழே குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். தங்கை பரீட்சையில் தோற்றுவிட்டு அறையில் கிடப்பாள். இவர் ஸ்டூல் போட்டு ஏறி, அவள் ஃபேனைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாசம்னா இதாண்டி பாசம்! வாயத் தொறக்கறாரா பாரு!" என்று நித்யாவிடமே சொல்வேன். டிவியில் பேசாதவருக்கு அழுதேன். வீட்டில் பேசாதவளைத் திட்டினேன். இரண்டும் ஒரே வாய்தான்.

பௌர்ணமி அன்று காலை பதினோரு மணி இருக்கும். பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குள் கீழே இருந்து கறுப்புத் துணியை ஏற்றுகிற மாதிரி இருட்டு ஏறியது. பால் சட்டியின் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. "நித்யா!" என்று கத்தினேன். வந்து என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். ஷட்டரை இழுத்துவிட்டாள்.

மாசத்தில் இந்த ஒரு நாள்தான் எங்களுக்குப் பெரிய வியாபாரம். "பௌர்ணமியும் அதுவுமா கடைய மூடறியே, உனக்குப் புத்தி இருக்கா!" என்று அந்த நிலையிலும் கத்தினேன்.

"வண்டில ஏறுங்க அத்தை."

கிரிவலக் கூட்டத்துக்காக முன்பக்க ரோட்டில் தடுப்பு வைத்துவிட்டார்கள், வண்டி போகாது. பின்னால் வேர்க்கடலைக் கொல்லை வரப்பு மேல் ஸ்கூட்டியை அவள் தள்ளினாள். நான் அவள் இடுப்புச் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். டவுனில் பார்த்த டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, விழித்திரை பிரிந்துகொண்டிருக்கிறது என்றார். அந்த மின்னல் வந்த அன்றே வந்திருக்க வேண்டும் என்றார். வெளியூர்ப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அன்றே பஸ் ஏறினோம். மறுநாள் ஆபரேஷன்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அந்தக் கண்ணும் போய்விட்டால் நான் யார்? கடை ஏது? கை பிடித்துக் கூட்டிப் போக வேண்டிய கட்டைதானே? சாமியிடம் சண்டை போட்டேன். 'ஜோதின்னு நம்பினேனே, இப்டிக் கழுத்தறுத்துட்டியே. உன்ன உட்டா எனக்கு யாரு இருக்கா? என் கண்ணக் குடு. வர்ற கார்த்திகை தீபத்த என் கண்ணால பாக்கணும். எனக்கு மட்டும் நீ காட்சி தந்தன்னு இனிமே எவகிட்டயும் பீத்திக்க மாட்டேன்.' இதுதான் என் வேண்டுதல். தேவாரம் திருவாசகம் ஒன்றும் அப்போது வாயில் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரம்மா சொன்னார்: "கண்ணுக்குள்ள காத்து வச்சிருக்கோம். அது மேல எழும்பி, பிரிஞ்ச சவ்வ ஒட்டிப் பிடிக்கணும். அதுக்கு நீங்க பத்து நாள் குப்புறத்தான் படுக்கணும். பாதி எங்க கையில, பாதி உங்க கழுத்துல. பார்வை எவ்ளோ வரும்னு இப்ப சொல்ல முடியாது."

பத்து நாள் குப்புறக் கிடப்பது என்றால் லேசா? சாப்பாடும் அப்படியே, தூக்கமும் அப்படியே. மூக்கு நசுங்கும், மூச்சு முட்டும். ஆனால் வீட்டுக்கு வந்து நித்யா என்னைப் படுக்க வைத்தபோது முகம் மெத்தையில் படவே இல்லை. கயிற்றுக் கட்டிலில் போட்டிருந்த மெத்தையில், முகம் இருக்கும் இடத்தில் வட்டமாக ஓட்டை. அதன் வழியாகக் காற்று வந்தது. கஞ்சிக்குக்கூட அந்த ஓட்டைக்குக் கீழே டம்ளரை வைத்து ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தாள்.

முதல் நாள் ஏழு மணிக்கு டிவியைப் போடச் சொன்னேன். பார்க்க முடியாவிட்டால் என்ன, காதால் கேட்கலாமே என்று நினைத்தேன். தங்கைகள் பேசுவது கேட்டது. பிறகு துரைக்கண்ணு வரும்போது போடுகிற பாட்டு கேட்டது. அப்புறம் ஒன்றுமே இல்லை. வெறும் வயலின். பேசாத மனுஷனைக் காதால் எப்படிப் பார்ப்பது?

"இன்னா நடக்குது?" என்றேன்.

"ஒண்ணும் பேசலை அத்தை."

"அவரு பேச மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? இன்னா பண்றாருன்னு சொல்லுடி!"

டிவி பக்கம் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். "தங்கச்சியோட ரவிக்கைல கொக்கி அறுந்திருக்கு. எடுத்துத் தைக்கறாரு. நூலு கோக்கத் தெரியலை. எச்சி தொட்டுத் தொட்டுக் கோக்கறாரு. போயிடுச்சு. திரும்பக் கோக்கறாரு."

அடேயப்பா, எவ்வளவு அழகாகச் சொன்னாள்! நான் பார்த்திருந்தால்கூட எச்சில் தொட்டதைக் கவனித்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம் அவள் சொல்ல, நான் ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். மூன்று வருஷத்துப் பேச்சை அந்த ஒரு வாரத்தில் பேசிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சீரியல் இல்லை. ஏழு மணிக்கு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் பக்கம் உட்கார்ந்து என் கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தினமும் அமுக்குகிறாள் என்பதே அப்போதுதான் புத்தியில் பட்டது. சீரியல் சுவாரசியத்தில் கால் என்று ஒன்று இருப்பதையே மறந்திருக்கிறேன்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் மெத்தை ஓட்டையின் ஓரத்தைத் தடவினேன். பஞ்சு பிதுங்கவில்லை. மெத்தென்று ஒரே சீராக இருந்தது.

"இது எந்த மெத்தை நித்யா?"

"நம்ம மெத்தைதான்."

"நம்மளுது இலவம்பஞ்சு. இது வேற."

"எங்கம்மா சீர்ல குடுத்த ஃபோம் மெத்தை அத்தை. பஞ்சு மெத்தைய அறுத்தா ஓட்டை நிக்காது."

அவள் அம்மா கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்து வாங்கிய மெத்தை. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஒரு வருஷம் வைத்திருந்தாள். நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன்.

"தலைய நிமித்தாதீங்க அத்தை" என்று பிடரியில் கை வைத்தாள்.

அன்று அந்த ஓட்டைக்குள் நான் அழுத அழுகை அண்ணாமலையாருக்குத்தான் தெரியும். சீரியல் இல்லாத அந்த அரை மணி நேரத்தில் என் வீட்டில் மூன்று வருஷமாக நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கடைப் படி விளிம்பில் வெள்ளை பெயிண்டால் கோடு போட்டாள். "கோலம் போடத் தெரியல, கோடு போடறா" என்று கிண்டல் செய்தேன். எனக்குப் படி தெரியத்தான் போட்டிருக்கிறாள். டம்ளர் தட்டை வலது பக்கம் மாற்றினாள், அதற்கும் திட்டினேன். ரோட்டில் எப்போதும் என் இடது பக்கம்தான் நடப்பாள். மாமியாரோடு சேர்ந்து நடக்கத் தெரியாமல் குறுக்கே வருகிறாள் என்று நினைத்தேன். வண்டி வருவது தெரியாத பக்கம் அது. நல்ல கண் இருந்தபோதே நான் குருடிதான்.

'சாமி, இவள இத்தினி நாளா நான் பாக்கலையே' என்றேன். கண் கேட்ட வேண்டுதலோடு இதையும் சேர்த்துக்கொண்டேன்.

பத்து நாள் முடிந்தது. கட்டுப் பிரித்தபோது கண்ணுக்குள் தண்ணீர்மட்டம் மாதிரி ஒரு கோடு ஆடியது. காற்று கரையக் கரைய அந்தக் கோடு நாளுக்கு நாள் இறங்கியது. ஐப்பசி கடைசியில் டாக்டரம்மா சோதித்தார். சவ்வு நன்றாக ஒட்டிவிட்டது, இவ்வளவு தாமதமாக வந்து இத்தனை பார்வை வந்தது பெரிய விஷயம் என்றார். நேர்க்கோடு கொஞ்சம் வளைந்து தெரிகிறது. தெரியட்டுமே. டீ ஆற்றுகிறேன், கல் பொறுக்குகிறேன்.

சிலர் கேட்கிறார்கள், காப்பாற்றியது டாக்டரா, மருமகளா, சாமியா என்று. எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். நான் கேட்டது அவரிடம். அவர் யார் கையில் கொடுத்து அனுப்பினார் என்பது அவர் இஷ்டம். உங்களுக்குக் கண்ணில் மின்னல் வெட்டினால் வேண்டிக்கொள்ளுங்கள், வேண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்னைப் போல நாலு நாள் விபூதி பூசிக்கொண்டு உட்காராதீர்கள். நம்பிக் கேட்டவரை அண்ணாமலையார் கைவிட மாட்டார். உதவி ஏற்கனவே உங்கள் வீட்டிலேயே டம்ளர் கழுவிக்கொண்டு நிற்கலாம், அதையும் கொஞ்சம் பாருங்கள்.

தீபத்தன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு மாடியில் ஏறி நின்றோம். தெரு முழுக்க ஜனம், எல்லா முகமும் மலையைப் பார்த்து. ஆறு மணிக்கு உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளி. முதலில் நடுங்கியது, அப்புறம் நின்று எரிந்தது. "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று ஊரே கத்தியது. நானும் கத்தினேன். என் கண்ணால் பார்த்தேன். கொஞ்சம் வளைந்துதான் தெரிந்தது. கன்னமெல்லாம் தண்ணீர்.

'பாத்தியாடி' என்று சொல்லத் திரும்பினேன். நித்யா மலையைப் பார்க்கவே இல்லை. அத்தனை கூட்டத்தில் அவள் ஒருத்தி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, தீபம் பாக்கலையா?"

"உங்களுக்குத் தெரியுதான்னு பாத்துனு இருந்தேன் அத்தை."

அவள் இரண்டு தோளையும் பிடித்து மலைப் பக்கம் திருப்பினேன். அவள் கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.