ஓட்டை வைத்த பெட்டி

நாமக்கல் கார் ஆடியோ கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார்: "சப்வூஃபர் ஸ்பீக்கருக்கு மூடுன பொட்டின்னா சுத்தமா, அளவா அடிக்குமுங்க. ஓட்டை வெச்ச பொட்டின்னா ஊரே அதிருமுங்க."

எனக்கு அதிர வேண்டும். ஓட்டை வைத்ததையே டிக்கியில் மாட்டிக்கொண்டு வந்தேன். பண்ணைக்குள் ஹாரன்கூட அடிக்காத கோழிப்பண்ணைக் குடும்பம் நாங்கள். அன்று என் புத்தி எங்கே போயிற்றோ, பாட்டோடு உள்ளே நுழைந்தேன்.

கொட்டகையில் கோழிகளின் கொக்கரிப்பு சட்டென நின்றது. அடுத்த நொடி ஆயிரக்கணக்கான சிறகுகள் கூண்டுக் கம்பிகளில் மோதின. பாட்டை நிறுத்தியும் அந்தச் சத்தம் அடங்கவில்லை.

கொட்டகையிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள். டிக்கியைத் திறந்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, பெட்டியின் ஓட்டைக்குள் இறுக்கித் திணித்தாள்.

"முட்டை போடறது அதுங்க. நீங்க இல்லீங்க."