தவசு காலத்தில் திறந்த கடை

ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறு பாதியை இரண்டு கைகளிலும் முறுக்கிப் பிடித்த வெள்ளை நூல் புருவத்தின் மேல் ஓடும்போது "சர்ர்" என்று மெல்லிய சத்தம் வரும். கூடவே கண்ணில் நீர் வரும், அதற்குப் பின்னால் முகப் பவுடரின் மணம் வரும். எட்டாம் வகுப்பு படித்த வருஷம் முழுவதும் வீடு என்றால் எனக்கு அதுதான். என் அம்மா அழகுக்கலை கற்றுக்கொண்ட வருஷம் அது. கற்றதையெல்லாம் முதலில் என் முகத்தில்தான் செய்து பார்த்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருஷங்களில், புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா வேலை பார்த்த மில்லில் மாதத்துக்குப் பாதி நாள்தான் வேலை இருந்தது. அதனால் பெண்களுக்கான இலவசப் பயிற்சி நடப்பதாகக் மாதா கோயிலில் யாரோ சொன்னதும், அதுவரை தன் புருவத்தைத் தானே தொட்டிராத அம்மா போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். நூல் பிடிக்கக் காலில்தான் பழக வேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். தன் காலில் இரண்டே நாளில் முடி தீர்ந்துபோகவே, லுங்கியை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு டிவி பார்க்கிற அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். மார்கழிக்குள் அந்தக் கால்கள் பளபளவென்று ஆகிவிட்டன. மில்லில் ஏதாவது வியாதியா என்று கேட்கிறார்களாம். அப்பா அதைச் சொல்லிக்கொண்டே மறு காலையும் நீட்டுவார்.

எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. ஒருநாள் அம்மாவின் கை தவறி என் இடது புருவத்தில் பாதி போய்விட்டது. கறுப்புப் பென்சிலால் வரைந்துகொண்டு பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். அன்றிலிருந்து வகுப்பில் எனக்கு "அரைப்புருவம்" என்று பெயர். ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. அவளும் சமாதானத்துக்கு வரவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி நூலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பயிற்சியின் கடைசி வாரம், சொந்தமாகத் தொழில் தொடங்குவது எப்படி என்று வகுப்பு நடந்தது. அதற்கென்று அம்மா ஒரு நோட்டு போட்டாள். கடையில் வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், வந்தவரிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று முத்து முத்தாக எழுதி வந்தவள், முகூர்த்த மாதம் பார்த்துத் திறக்க வேண்டும், மாசி பிறந்ததும் திறந்தால் பங்குனி வரை கல்யாணப் பெண்கள் வருவார்கள் என்ற வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தாள்.

கடைக்கு இடம்தான் சிக்கல். நாங்கள் இருந்த வீடு பெரியப்பாவுடையது. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டி, பிரான்ஸ் பட்டாளத்தில் சேர்ந்து, பென்ஷனோடு அங்கேயே தங்கிவிட்ட அவரை எங்கள் தெருவில், சிப்பாய்க்கான பிரெஞ்சு வார்த்தையால், "சொல்தா" என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவருக்காக முன்னறை எப்போதும் பூட்டியே கிடக்கும். அவர் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை, ஆனாலும் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் நிற்போம். அம்மா அவரோடு நேரே பேசியதே கிடையாது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்லுவாள், நான் போய்ச் சொல்லுவேன்.

அந்த அறையைத்தான் அம்மா கேட்டாள். அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். "அண்ணன் பாஸ்காவுக்கு வர்றாரு. அதுக்குள்ள நாலு பேரு வந்து போனா நான் பேசிப் பாக்கறேன். இல்லன்னா கடைக்குன்னு வாங்குற நாற்காலிய வித்துட்டு அந்த ஆசைய விட்டுடணும்" என்றார். ஈஸ்டரைத்தான் எங்கள் பக்கம் பாஸ்கா என்போம். அம்மா சரி என்று தலையாட்டினாள்.

மாசி பிறந்து வந்த திங்கட்கிழமை கடை திறந்தாள். மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து, சுழல் நாற்காலியையும் கண்ணாடியையும் ஆசையாகப் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் கேட்டார்: "ஏம்மா, நாளை மறுநாள் சாம்பல் புதன், ஞாபகம் இருக்கா?"

அம்மாவின் முகம் விழுந்துபோனது. பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவள், நோட்டில் எழுதிய முகூர்த்தத்தை நம்பி வீட்டுக் காலண்டரைப் பார்க்க மறந்துவிட்டாள். எங்கள் தெரு முழுக்கக் கிறிஸ்தவ வீடுகள். புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டால் நாற்பது நாள் கறி கிடையாது, தலையில் பூ கிடையாது, கல்யாணம் கிடையாது. யார் வந்து புருவம் திருத்திக்கொள்வார்கள்? முகூர்த்தம் பார்க்கிற அடுத்த தெருக்காரர்களுக்கு அம்மா யாரென்றே தெரியாது, புதுக் கையிடம் கல்யாண முகத்தைக் கொடுக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா?

நாற்பது நாளும் யாரும் வரவில்லை. அம்மா தினமும் பத்து மணிக்குக் கதவைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, காலி நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பள்ளிவிட்டு வந்து அவளை அப்படிப் பார்த்ததும் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன், அவள் நூலை எடுப்பாள். என் புருவங்கள் அந்த நாற்பது நாளில்தான் ஒழுங்காயின. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குச் சிலுவைப்பாதை செபத்துக்குப் போகும்போது பெண்கள் என் முகத்தை உற்றுப் பார்ப்பதை பழைய அரைப்புருவக் கதையால்தான் என்று நான் தப்பாக நினைத்துக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பெரிய சனியன்று காலை ஏழு மணிக்கு எதிர்வீட்டு ரெஜினா அக்கா வந்தாள். அன்று இரவு பாஸ்காப் பூசை. எல்லோருக்கும் புதுப்புடவை தயார், நாற்பது நாள் வளர்ந்த புருவமும் தயார். பத்து மணிக்கு முன்னறையில் நிற்க இடமில்லை. வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. முதலில் வந்த ரெஜினா அக்காவோ தன் தங்கைகள் இருவருக்கும் இடம் விட்டுக்கொடுத்துவிட்டு, பதினொரு மணிக்குத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் பெரியப்பாவின் கார் வந்து நின்றது. மாலையில்தான் வருவார் என்றிருந்தோம். பெட்டியோடு வாசலில் நின்றவருக்குத் தன் அறைக்குள் கால் வைக்க வழியில்லை. அப்பா வேர்த்துப்போய், எல்லோரும் எழுந்திருங்க, எழுந்திருங்க என்று கெஞ்சத் தொடங்க, பெண்களும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். அம்மா மட்டும் நிமிரவில்லை. கையில் எடுத்த புருவத்தை முடித்தாள். பிறகு பல்லிலிருந்து நூலை விடுவித்துக்கொண்டு, என்னைக் கூப்பிடாமல், கதவுக்குப் பின்னால் போகாமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, கூடத்துல ஒக்காருங்க. இவங்களுக்கு ஒரு பக்கம்தான் ஆயிருக்கு."

பெரியப்பா ரெஜினா அக்காவின் முகத்தைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். அன்று மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார், அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே படுத்தார். அதற்குப் பிறகு அவர் வந்த ஒவ்வொரு வருஷமும் பெட்டி நேரே கூடத்துக்குத்தான் போகும். "இன்னும் எத்தன பேரு இருக்காங்க?" என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே உட்காருவார்.

இப்போது அந்தத் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இருக்கிறவர்களும் தவசு காலம் என்று புருவத்தை வளர விடுவதில்லை. நெற்றியில் சாம்பலோடு வந்து உட்காருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அம்மாவின் கடை மெயின் ரோட்டுக்குப் போய், ஏசி போட்டு, நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். பெரியப்பா இறந்த பிறகு அவர் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். வாங்கியவர் இடிப்பதற்கு முன், கடைசியாக ஒருமுறை முன்னறையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். கல்யாணப் பெண் ஒருத்தி வருகிறாள், பாதியில் விட்டுவிட்டு வர முடியாது, நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றாள். அன்று முகூர்த்த நாளா என்று நான் காலண்டரைப் பார்க்கவில்லை.