படியிறங்கிப் போன பாட்டு

அம்மாவின் தம்பி, என் மாமா, மாரண்டஹள்ளியில் பேண்டு செட் வைத்திருந்தார். கல்யாணமோ சாவோ, டிரம்பெட் ஊதிக்கொண்டு முன்னால் நடப்பவர் அவர்தான். இளவயதில் பெங்களூர் ஓட்டல் ஒன்றில் வாசித்தபோது ஜாஸ் பிடித்துக்கொண்டதாம். ஜாஸ் என்றால் என்னவென்று கேட்டால், "இன்னிக்கி மனசு எப்பிடி இருக்குதோ அப்பிடி ஊதறது பாப்பா" என்பார். அப்படியானால் நேற்று ஊதியது தப்பா என்று மடக்குவேன். சிரித்துக்கொண்டே டிரம்பெட்டை எடுத்து ஊத ஆரம்பித்துவிடுவார்.

அத்தை இறந்த வருடம், தானே மெட்டமைத்து ஜாஸ் ஆல்பம் போடப்போகிறேன் என்று செட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் ஸ்டூடியோவுக்குப் போனார். பொண்டாட்டி போன துக்கத்தில் ஆளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொந்தபந்தம் முழுக்கப் பேசியது.

அங்கே நடந்த கூத்தை டிரம் அடிப்பவர் வந்து சொன்னார். ஆளுக்கு ஓர் இடத்தில் அசையாமல் நிற்கச் சொன்னதும் எல்லோருக்கும் தாளம் தப்பிவிட்டதாம். காலமெல்லாம் நடந்துகொண்டே வாசித்தவர்கள். கால் நின்றால் கையும் நின்றுவிடுகிறது. உடனே மாமா நடுவில் ஒரே மைக்கை வைத்து, அதைச் சுற்றி நடந்துகொண்டே வாசிக்க வைத்திருக்கிறார். கடைசிப் பாட்டுக்கு ஊதியபடியே கதவைத் திறந்து, படியிறங்கி, தெருவுக்கே போய்விட்டார்களாம். ஸ்டூடியோக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் சிரித்து மாளவில்லை.

சிடி வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். "கடைசிப் பாட்ட மட்டும் முழுசா கேளுக்கா, உனக்குத் தெரியும்" என்றார் அம்மாவிடம். அன்றைக்கென்று பார்த்து வீடு நிறைய விருந்தாளிகள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தாள். கடைசிப் பாட்டைப் போட்டோம். முதலில் பக்கத்தில் கேட்ட டிரம்பெட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அப்பா சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். சித்தப்பா பிளேயரின் தலையில் ஒரு தட்டு தட்டி, "ஒயரு லூசுடா" என்றார்.

"இல்லீங்க, பாட்டே அப்பிடித்தான். இன்னும் முடியலீங்க மச்சான், கொஞ்சம் பொறுங்க" என்றார் மாமா.

"சத்தமே இல்லாத பாட்ட எங்கடா போயி கேக்கறது?" என்று அப்பா சிடியை உருவிவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டார். நான் ஆட்டமே ஆடினேன். மாமா சிடியைச் சட்டையில் துடைத்து உறைக்குள் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பினார். அதற்குப் பிறகு ஆல்பம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

போன வருடம் அம்மா போய்ச் சேர்ந்தாள். தன் அக்காவின் பாடைக்கு முன்னால் மாமாதான் ஊதிக்கொண்டு நடந்தார். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது, தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நின்றேன். டிரம்பெட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வளைவு தாண்டியது. அந்த ஸ்டூடியோவில் மைக் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன் என்று பிடிபட்டதும் எனக்கு அழுகை பீறிட்டது. அம்மா அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்காமலே போய்விட்டாளே என்பது இன்னும் ஆறவில்லை.

அத்தையை எடுத்துக்கொண்டு போன அன்றும் அம்மா இதே மாதிரி தெருமுனையில்தான் நின்றாள். சத்தம் ஓய்ந்து, மற்ற பெண்களெல்லாம் திரும்பிய பிறகும் அசையவில்லை. எனக்குப் பசி. "அதான் போயிட்டாங்களேம்மா, வா வூட்டுக்கு" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"இருடி," என்றாள் அம்மா. "இன்னும் கேக்குது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.